இருபது மீட்டர்

ஹெலனுக்கு நிலம் அளக்கிற வேலை. சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் அவள் ஸ்கூட்டர் போகாத வண்டிப்பாதை குறைவு. வயது முப்பத்தேழு. அப்பா பவுல்பாண்டியன் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணக்கில் ஒரு மார்க் குறைந்தாலும் "எந்த இடத்துல தப்பு பண்ணின?" என்று கேட்பாரே ஒழிய, ஏன் குறைந்தது என்று கேட்க மாட்டார். தப்பு எப்போதும் ஒரு இடத்தில்தான் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அந்த வீட்டுப் பழக்கம்.

சிவில் டிப்ளமோ முடித்ததும் 2011இல் ஹெலனுக்கு ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தாளில் இருந்த நிலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தாள் உண்டு, புலப்படம் என்பார்கள். நடுவில் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் இத்தனை தூரம் நடந்து, இடதுபக்கமோ வலதுபக்கமோ இத்தனை தூரம் போனால் நிலத்தின் ஒரு மூலை வரும் என்று கோட்டின் இருபுறமும் எண்கள் எழுதியிருக்கும். மிகப் பழைய தாள்களில் அந்த எண்கள் அளவுச் சங்கிலியின் கண்ணிக் கணக்கில், லிங்கில் இருந்தன. எண்பதுகளில் யாரோ அவற்றை மீட்டருக்கு மாற்றிப் புதுத் தாளில் கையால் எழுதினார்கள். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் ஹெலனும் இன்னும் இருபது பேரும் வரிசையாக உட்கார்ந்து எண்களைத் தட்டினார்கள். தாள்கள் மடிப்பில் கிழிந்திருக்கும், பூச்சி அரித்திருக்கும், மை ஊறிப் பரவியிருக்கும்.

ஒரு நாளைக்கு நாற்பது படம் முடிக்க வேண்டும். எண்ணைத் தட்டத் தட்டத் திரையில் கோடுகள் தாமாக வந்து ஒன்றோடொன்று சேரும். அது ஹெலனுக்குப் பிடித்திருந்தது. சில சமயம் பதிவேட்டில் இருக்கிற பரப்பும் திரையில் வந்த பரப்பும் ஒத்துப்போகாது. படம் சிவப்பாகிவிடும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டால் அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வித்தியாசத்தை ஏத்துக்கன்னு குடுத்துட்டு அடுத்ததுக்குப் போம்மா. பின்னால நிலத்துல போயி அளக்குறவங்க சரி பண்ணிக்கிடுவாங்க" என்பார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவளும் செய்தாள்.

பிறகு தேர்வு எழுதினாள். அரசு வேலை கிடைத்தது. வேறு மாவட்டங்களில் சில வருஷம் ஓடின. 2025 மார்ச்சில்தான் சங்கரன்கோவில் பக்கம் மாற்றலாகி வந்தாள். இதற்குள் எல்லாமே மாறிவிட்டிருந்தது. அன்று தட்டிய படங்கள் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டன. செயற்கைக்கோளோடு பேசும் ஒரு கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு நடந்தால், எந்த மூலை எங்கே என்று ஒரு சாண் தவறாமல் சொல்லிவிடும். ட்ரோன் பறக்கவிட்டு ஊர்களைப் படம் எடுத்தார்கள். சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் அந்தப் படங்களை வைத்தே திட்டம் போட்டார்கள். பழைய தாளை எடுத்துப் பார்க்கிற வழக்கம் நின்றுபோயிருந்தது.

மழை வெள்ளத்தில் ஊர் மிதந்ததற்குப் பிறகு, ஓடைகளைத் திறந்துவிட்டு வடிகாலோடு இணைக்கும் திட்டம் ஒன்று வந்தது. திட்டம் போட்டவர்கள் ட்ரோன் எடுத்த படத்தின் மேல் நிலப்படத்தை வைத்துப் பார்த்தார்கள். கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் உடைமரத்துப்பட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே 214ஆம் சர்வே எண்ணில் ஓடை நேராகப் போக வேண்டும் என்றது நிலப்படம். ட்ரோன் படத்தில் ஓடை வளைந்து, ஐந்து வீடுகளுக்குப் பின்னால் போனது. படத்தில் இருந்த ஓடையின் மேல் ஐந்து வீடுகளும் உட்கார்ந்திருந்தன.

பார்த்த எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான் தோன்றியது. ஓடையை மண் போட்டு மூடி, தண்ணீரைப் பின்னால் தள்ளிவிட்டு, வீடு கட்டியிருக்கிறார்கள்.

நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐந்து வீட்டுக்காரர்களும் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மனு கொடுத்தார்கள். பட்டாவில் பரப்பு இருக்கும், இடம் எங்கே என்று கோடு இருக்காது. கோடு படத்தில்தான் இருந்தது. மனு தள்ளுபடியானது.

எல்லையைத் தரையில் குறிக்கிற வேலை ஹெலனுக்கு வந்தது. ஜூலை மாதம் ஒரு காலை நேரம் கருவியோடு போனாள். கூட மூக்காண்டி. சங்கிலி இழுக்கும் வேலைக்கு முப்பது வருஷத்துக்கு முன் சேர்ந்தவர், ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. கருவி சொன்ன இடத்தில் ஹெலன் நின்றாள். அது ஒரு வீட்டின் அடுப்படி. சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சங்கரேஸ்வரி என்ற அந்த வீட்டுக்காரி தறி செட்டில் நெசவுக்கு நூல்தார் சுற்றுகிறவள். கணவன் இறந்து ஆறு வருஷமாகிறது. வீட்டுக்கு அவளே கல் சுமந்து அவளே தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"மேடம், எல்லைக்கல்லு பின்னால இருக்கு. வந்து பாருங்க. எங்க மாமனார் காலத்துலேருந்து அங்கனதான் கெடக்கு" என்று சங்கரேஸ்வரி சொன்னாள்.

ஹெலன் போய்ப் பார்த்தாள். பழைய அளவைக் கல்தான். ஓடைக் கரையில் கள்ளிச் செடிக்குள் நின்றது. கருவி சொன்ன இடத்துக்கும் கல்லுக்கும் இருபது மீட்டர் இருந்தது.

"கல்லை நகட்டிருக்காங்க" என்றாள் மூக்காண்டியிடம். மெதுவாகச் சொல்லவில்லை. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

மூக்காண்டி கல்லின் அடியில் கை வைத்துப் பார்த்தார். "நகட்டின கல்லு மாதிரி தெரியலையேம்மா. நல்லா ஊணிப் போயிருக்கு."

"கல்லை யாரு வேணா நகட்டலாம் அண்ணாச்சி. வானத்துல இருக்கிறதை நகட்ட முடியாது."

அவர் கை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். சங்கரேஸ்வரியின் முகம் வெளிறிப்போனது. "நாங்க திருடினோம்னு சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். ஹெலன் திரும்பிப் போய் அடுப்படிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டாள்.

ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும், போலீஸ் பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார்கள். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மண்வாரி இயந்திரம் வந்தது. சங்கரேஸ்வரி வீடுதான் முதலில். குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக ஹெலனும் நின்றாள். பாத்திரம், பீரோ, தலையணை, சாமி படம் எல்லாம் தெருவில் கிடந்தன. சங்கரேஸ்வரி அழவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கச் சுவர் ஒரே தள்ளலில் சாய்ந்தது. பிறகு அடுப்படி. அரை மணி நேரத்தில் வீடு இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

ஓடையை அங்கேயே தோண்ட வேண்டும் என்பதால் இயந்திரம் அஸ்திவாரத்தையும் பெயர்த்தது. கல் எல்லாம் வந்த பிறகு இன்னும் நான்கடி ஆழம் தோண்டினார்கள். மூக்காண்டி குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து ஹெலனிடம் வந்தார்.

"அம்மா, இங்கன கொஞ்சம் வந்து பாருங்க."

"என்ன அண்ணாச்சி?"

"மணலைக் காணுமே."

ஹெலனுக்குப் புரியவில்லை.

"ஓடை ஓடின இடம்னு சொல்லுதோம். மேல மண்ணு போட்டு மூடியிருந்தாலும் அடியில மணல் கெடக்கணும்லா? கூழாங்கல்லு கெடக்கணும்லா? இது சுக்காம்பாறை. இந்த எடத்துல தண்ணி ஓடினதே கெடையாது."

ஹெலன் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். தோண்டிய பக்கம் சுண்ணாம்புப் பாறையாக, வெள்ளையும் மஞ்சளுமாக, இரும்புப் பல் கீறிய தடத்தோடு, கெட்டியாக இருந்தது. எங்குமே ஒரு பிடி மணல் இல்லை. ஓடைப் பக்கம் திரும்பினாள். அந்தக் கல் நிற்கிற கரைக்குக் கீழே மணல் வெயிலில் மின்னியது.

இயந்திரக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். ஹெலன் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் அலுவலகத்துக்கு வந்தாள். பழைய பதிவுகள் வைத்திருந்த அறையில் உடைமரத்துப்பட்டிக் கட்டைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரமானது. 214ஆம் தாள் நாலாக மடிந்து கிடந்தது. விரித்தாள். நடுக்கோடு. வலதுபக்கம் ஓடைக்கரையின் வளைவு மூலை. அதன் அருகில் எழுதியிருந்த எண்ணின் மேலேயே மடிப்பு போயிருந்தது. முதல் இலக்கத்தின் வயிறு கிழிந்து மை பரவியிருந்தது. சட்டென்று பார்த்தால் ஐந்து. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். மூன்று.

முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

போனில் கம்ப்யூட்டர் படத்தைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.

அப்படியும் அவள் நம்பவில்லை. இன்னும் பழைய, லிங்க் கணக்கில் இருந்த தாளைத் தேடினாள். அதுவும் கிடைத்தது. அதே மூலையில் 191 என்று கறுப்பு மையில் தெளிவாக எழுதியிருந்தது. ஒரு லிங்க் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பெருக்கிப் பார்த்தாள். முப்பத்தெட்டு புள்ளி நான்கு. இரண்டாம் முறை பெருக்கினாள். அதேதான்.

ஒரு மூலை இருபது மீட்டர் தள்ளி விழுந்திருந்தது. அந்த மூலைக்கு வருகிற கோடும் அங்கிருந்து போகிற கோடும் அதோடு சேர்ந்து சாய்ந்திருந்தன. நடுவில் வந்த முக்கோணத்துக்குள் ஐந்து வீடு.

எவன் இதைத் தட்டினான் என்ற கோபத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் வரலாற்றைத் திறந்தாள். பதிவு செய்த தேதி 14 நவம்பர் 2011. பரப்பு வித்தியாசம் பன்னிரண்டு ஏர், அதாவது ஆயிரத்து இருநூறு சதுர மீட்டர், ஏற்கப்பட்டது. பதிவு செய்தவர் எச்.பி.07.

எச்.பி. என்றால் ஹெலன் பவுல்பாண்டியன். ஏழாவது மேஜை அவளுடையது.

கொஞ்ச நேரம் அவளுக்கு எழுத்துகள் எல்லாம் வெறும் கோடாகத் தெரிந்தன. பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். என்ன சேலை, என்ன சாப்பாடு, மழையா வெயிலா, ஒன்றுமே வரவில்லை. அன்று அவள் நாற்பத்தொரு படம் முடித்ததாக வரலாறு சொன்னது. நாற்பத்தொன்றில் இது ஒன்று. படம் சிவப்பானதும் அவள் விரல் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறது. அந்த விரலை இப்போது பார்த்தாள்.

மணி மூன்று ஆகியிருந்தது. மூக்காண்டியைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அடுத்த வீட்டை ஆரம்பிச்சாச்சா?"

"கூரைத் தகரத்தைக் கழத்துதாங்க."

"நிறுத்துங்க. எப்படியாவது நிறுத்துங்க. படம் தப்பு. நான்தான்... எல்லாம் வந்து சொல்லுதேன்."

அங்கே மூக்காண்டி செய்தது இன்றும் அந்தப் பக்கத்தில் பேச்சு. அவர் வேறு எதுவும் யோசிக்கவில்லை. நேராகப் போய், தரையில் இறக்கி வைத்திருந்த இயந்திரத்தின் வாளிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். காக்கிச் சட்டை போட்ட அரசாங்க ஊழியர் வாளிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டுநர் திகைத்துப்போனான். போலீஸ்காரர் வந்து, "ஏ பெரியவரே, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கத்தினார்.

"அளந்தவங்களே தப்புன்னு சொல்லுதாங்க. அவங்க வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார் மூக்காண்டி.

ஹெலன் கிளம்புமுன் வெங்கடசுப்பிரமணியனிடம் போனாள். அவர் அவளுடைய மேலதிகாரி, நல்ல மனிதர். இரண்டு தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்தக் கம்பெனி இப்ப இருக்கா?"

"இல்ல சார். மூடிட்டாங்க."

"அப்ப கம்பெனி தப்புன்னு எழுதிரு. எச்.பி.07 யாருன்னு யாருக்கும் தெரியாது. நீ அப்ப அரசு ஊழியர்கூடக் கிடையாதும்மா."

"கம்பெனி எப்படி சார் தட்டும்? நான்ல தட்டினேன்."

"நல்லா யோசிச்சுக்கோ. வேலையில கை வைப்பாங்க."

"ஜூலையில அந்தப் பொம்பளை கல்லைக் காட்டினா சார். நான் அவளைக் கள்ளின்னு சொன்னேன்."

வெங்கடசுப்பிரமணியன் தாள்களை மடித்து அவளிடம் கொடுத்தார். போனை எடுத்து, இடிப்பு வேலையை நடத்திய அதிகாரியிடம் நிறுத்தச் சொன்னார்.

ஹெலன் உடைமரத்துப்பட்டி போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே நின்றது. அவள் வண்டியில் வரும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். தெருவில் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சங்கரேஸ்வரியைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தாள்.

"உங்க கல்லு சரியான எடத்துலதான் நிக்கி. யாரும் நகட்டலை. இந்த எண்ணை நான் தப்பாத் தட்டிட்டேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால."

சங்கரேஸ்வரி தாளைப் பார்த்தாள். பிறகு வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எந்த எழுத்து?"

ஹெலன் தொட்டுக் காட்டினாள். எண் அவள் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

"இம்புட்டுத்தானா?"

ஹெலன் தலையை ஆட்டினாள்.

"இம்புட்டுத்தானா?" என்று சங்கரேஸ்வரி மறுபடியும் கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஹெலன் அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள். அவள் தட்டிவிட்டாள்.

"தொடாத. எந்திரிச்சுப் போ."

ஹெலன் எழுந்து போனாள்.

மறுவாரம் எல்லோரையும் வைத்துக்கொண்டு சங்கிலி போட்டு அளந்தார்கள். சங்கிலியின் ஒரு முனை மூக்காண்டியிடம், மறுமுனை ஊர்க்காரர்களிடம். கல் ஒரு சாண்கூடப் பிசகவில்லை. மீதி நான்கு வீட்டு நோட்டீஸும் ரத்தானது. வடிகால் திட்டத்தின் வரைபடத்தையே திருத்தி வரைந்தார்கள். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய வரைபடத்தின்படி தோண்டியிருந்தால் தண்ணீர் சுக்காம்பாறையில் முட்டித் திரும்பி, மேல்பக்கம் இருந்த முப்பது வீட்டுக்குள் போயிருக்கும். திட்டம் போட்ட பொறியாளர் அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஹெலன் தன் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்தாள். விசாரணை நடந்தது. இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு நின்றது. சங்கரேஸ்வரிக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் அனுமதி கிடைத்து, பழைய இடத்திலேயே வீடு எழும்ப ஏழு மாதம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையில்தான் இருந்தாள். நான்கு முறை ஹெலன் பார்க்கப் போனாள். மூன்று முறை கதவு திறக்கவில்லை. நான்காவது முறை சங்கரேஸ்வரி வெளியே வந்து நின்றாள்.

"எதுக்கு வாரீங்க மேடம்? வீடு வந்துரும். ஆனா அன்னைக்கு ஊரு முன்னால நீங்க சொன்ன சொல்லு இருக்குல்லா? தறி செட்டுல ரெண்டு மாசம் என்கூட ஒருத்தி பேசலை. ஓடையைத் திருடினவன்னு. அதை எப்படித் திருத்துவீங்க?"

ஹெலன் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் தறி செட்டுக்குப் போய், எந்திரங்களை நிறுத்தச் சொல்லி, நடந்ததை அங்கே வேலை செய்கிறவர்களிடம் நின்று சொன்னாள். சொல்லி முடித்ததும் எந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

அதோடு அவள் விடவில்லை. எச்.பி.07 ஏற்றிய படங்கள் எத்தனை என்று எடுத்துப் பார்த்தாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் தாளையும் திரையையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள். கூட வேலை பார்த்தவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? யாராவது கேட்டாங்களா?" என்றார்கள். அப்பா பவுல்பாண்டியன் மட்டும் போனில் கேட்டார்: "எத்தனை வந்திருக்கு?"

ஆயிரத்து நானூறு முடிந்தபோது ஒன்பது தப்பு அகப்பட்டிருந்தது. இரண்டில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றில் ஒரு பள்ளிக்கூடத்து மதில் வேறொருவர் நிலத்தில் நின்றது. மற்றவை வரப்புத் தகராறுகள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள்.

பத்தாவதை மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கண்டுபிடித்தாள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு மனை. படத்தில் இருந்ததைவிட உண்மையில் அகலம் நான்கு மீட்டர் குறைவு. அந்த மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்றது கம்ப்யூட்டர். திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்தவள், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள்.

மனைக்காரர் பெயர் நெல்லைநாயகம். ஓய்வு பெற்ற தபால்காரர். கடைக்கால் தோண்டி முடித்து, கம்பி கட்டியிருந்தது. சிமெண்டு மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கியிருந்தன. அவரே வாளித் தண்ணீரைக் கம்பிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா?"

"சர்வே ஆபீஸ்லேருந்து வாரேன். ஹெலன்."

"அப்படியா? வாங்க, வாங்க. நாளைக்கு கான்கிரீட் போடுதோம். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்று சிரித்தபடி, அவளுக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஹெலன் உட்காரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கான்கிரீட் போடாதீங்க. நான் சொல்லுததைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரும்" என்று தொடங்கினாள்.